கத்துவதற்கு எந்த மொழி?

2017 ஜூலை 10. சுங்கை ரோடு சந்தைக்குக் கடைசி நாள். ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி ஜாலான் புசார் பக்கமாக நடந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் போய்விடலாம். தார்ப்பாய் விரித்துப் பழைய கைக்கடிகாரம், ரிமோட், பித்தளை விளக்கு, யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம் என்று எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார்கள். அன்று வாங்க வந்தவர்களைவிடப் படம் எடுக்க வந்தவர்கள்தான் அதிகம். நான் ஒரு சீனப் பெரியவரின் சிடி குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன். டெரசா டெங், பீ ஜீஸ், கராவோகே தொகுப்புகளுக்கு நடுவே மூடி விரிசல் விட்ட ஒரு பெட்டி கிடந்தது. ருத்ரா குழுவின் 'தி ஆரியன் குருசேட்'.

"இந்தியன் சாங் ஆ?" என்று கேட்டார் பெரியவர்.

"இந்தியன்தான் அங்கிள்."

"டான்ஸ் சாங்?"

"டான்ஸ் இல்ல."

நான்கு வெள்ளிக்குக் கொடுத்தார். 2001இல் இதே ஆல்பத்தைக் கடையில் புதிதாக வாங்கி, ஒரே வாரத்தில் கோபத்தில் ஒரு நண்பனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டவன் நான். அந்தக் கோபத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதோடு சில ஆல்பங்களைப் பற்றியும் சொல்வேன். என் ரசனையை நீங்கள் ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஓவன் ரோடு புளோக் ஒன்றில் வளர்ந்தேன். சன்னலைத் திறந்தால் ஃபேரர் பார்க் திடல் தெரியும். 1842இல் தொடங்கிய குதிரைப் பந்தய மைதானம் அது. 1942 பிப்ரவரி 17 அன்று பிரிட்டிஷ் படையில் இருந்த பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும் அங்கேதான். எங்களுக்கு அது பந்தடிக்கும் இடம், அவ்வளவுதான். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். தமிழ் முரசு படிக்காமல் கோப்பி குடிக்க மாட்டார். சிறுவயதில் தமிழர் திருநாள் மேடைகளில் கோ. சாரங்கபாணி பேசிக் கேட்டதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் சாமிப் படம் கிடையாது. அம்மா மட்டும் வீரமாகாளியம்மன் கோவிலுக்கு ரகசியமாகப் போய்விட்டு வருவார். நெற்றியைத் துடைத்துக்கொண்டுதான் படியேறுவார்.

இந்த வீட்டுக்குள் ராக் இசை கேசட் வழியாக வந்தது. 1987, 88 வாக்கில் உயர்நிலைப் பள்ளி நண்பன் ஒருவன் ஸ்லேயரின் 'ரெயின் இன் ப்ளட்' கேசட்டைக் கொடுத்தான். 1986இல் வந்த ஆல்பம், அரை மணி நேரம்கூட ஓடாது. அதனால் கேசட்டின் இரண்டு பக்கத்திலும் முழு ஆல்பத்தையும் பதிந்திருந்தார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டால் அதே ஆல்பம் மறுபடி முதலில் இருந்து. இதைவிட நேர்மையான வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. அப்புறம் தி கிளாஷ். எல்லோரும் செக்ஸ் பிஸ்டல்ஸின் ஒரே ஆல்பத்தைத் தலையில் வைத்து ஆடுவார்கள். எனக்கு அது நல்ல சுவரொட்டி, சுமாரான ஆல்பம். 'லண்டன் காலிங்' அப்படியல்ல. 1979 டிசம்பரில் வந்த அந்த இரட்டைத் தட்டில் ரெகே இருக்கிறது, ஜாஸ் வாடை இருக்கிறது, பழைய ராக் அண்ட் ரோல் இருக்கிறது. கோபப்படுகிறவனுக்கும் காது உண்டு என்று எனக்குக் காட்டிய தட்டு அது. ரமோன்ஸின் 1976 முதல் ஆல்பம் இன்னொரு வகை. மூன்று கார்டு தெரிந்தால் போதும், குழு ஆரம்பித்துவிடலாம் என்ற தைரியத்தை அது உலகம் முழுக்க ஒரு தலைமுறைப் பையன்களுக்குக் கொடுத்தது. நாங்களும் அதில் ஏமாந்தவர்கள்தான். மூன்று கார்டை அவர்கள் வாசித்த வேகத்தில் வாசித்துப் பாருங்கள், தெரியும்.

இதையெல்லாம் பற்றிப் படிக்க 'பிக்ஓ' இருந்தது. 1985இல் சில நண்பர்கள் சேர்ந்து நகலெடுத்து விற்கத் தொடங்கிய ஏடு, பிறகு கடைகளில் கிடைக்கும் பத்திரிகையாக வளர்ந்தது. உள்ளூர்க் குழுக்களை வெளிநாட்டுக் குழுக்களுக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு அவர்கள் விமர்சித்தார்கள். சிங்கப்பூரில் அது பெரிய விஷயம். ஆட்ஃபெல்லோஸின் 'டீனேஜ் ஹெட்' 1991இல் வந்தபோது, நம்ம ஊர்ப் பையன்கள் சொந்தமாகப் பாட்டெழுதி முழு ஆல்பம் போட முடியும் என்று அதைப் படித்துத்தான் நம்பினேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்த ஆல்பத்தில் வெயில் அடிக்கும் மத்தியானத்தின் சோம்பல் இருக்கிறது. நல்ல சோம்பல்.

அதற்கு முந்தைய கதையை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் ஹேப்பி வோர்ல்டு அரங்கில் வாசித்துவிட்டுப் போனதும் இந்தத் தீவு கிதார் பிடித்து அலைந்திருக்கிறது. 1964இல் தி குவெஸ்ட்ஸ் குழுவின் 'ஷான்டி' இங்குள்ள தரவரிசையில் பீட்டில்ஸையே இறக்கி முதலிடத்துக்கு வந்தது. அடுத்த வருடம் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தார்கள். அப்புறம் 70களில் கதவு சாத்தியது. நீள முடி வைத்தவர்களுக்கு அரசு அலுவலகங்களில் கடைசியில்தான் சேவை என்று சுவரொட்டி ஒட்டிய காலம். 1972இல் லெட் செப்பெலின் முடி காரணமாக இங்கே வாசிக்காமல் போனார்கள். 1984இல்கூட ஜப்பானிய இசைக் கலைஞர் கிடாரோவுக்கு இதே கதிதான். அவர் வாசித்ததோ தியானத்துக்குப் போடும் இசை! 90களின் ஆரம்பத்தில் 'ஸ்லாம் டான்சிங்' என்று ரசிகர்கள் ஒருவரையொருவர் இடித்து ஆடுவதற்குத் தடை வந்தது. 'ஆப்போசிஷன் பார்ட்டி' என்று ஒரு பங்க் குழுவே இருந்தது. எதிர்க்கட்சிக்கு நாடாளுமன்றத்தில் விரல் விட்டு எண்ணும் இடங்கள் இருந்த ஊரில் அதைவிட நல்ல பெயர் யாருக்குக் கிடைக்கும்? ஆர்மீனியன் ஸ்திரீட்டில் குவோ பாவ் குன் 1990இல் தொடங்கிய சப்ஸ்டேஷனின் தோட்டம்தான் இந்தக் குழுக்களுக்கெல்லாம் புகலிடம்.

அந்தத் தோட்டத்தில் நின்றபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மலாய்ப் பையன்களுக்கு மலாயில் ராக் இருந்தது. 60களிலேயே எம். ஒஸ்மான் 'சூசானா' பாடிப் 'பாப் யே யே' அலையைக் கிளப்பிவிட்டார். 70களின் இறுதியில் ரம்லி சாரிப் 'ஸ்வீட் சாரிட்டி'யோடு கனமான மலாய் ராக்கைக் கொண்டுவந்தார். சீனப் பிள்ளைகள் 80களில் பள்ளிக்கூட மேசையில் உட்கார்ந்தே 'சின்யாவ்' என்று சொந்தப் பாட்டு இயக்கத்தை உண்டாக்கிவிட்டார்கள். நமக்கு? சினிமாப் பாட்டு. இளையராஜாவைக் குறை சொல்லும் துணிச்சல் எனக்குக் கிடையாது. ஆனால் அவர் பாட்டு சென்னையில் இருந்து செய்து வருவது. ஓவன் ரோட்டில் லிஃப்ட் பழுதாகி நிற்பது அதில் இருக்காது. 1990இல் இந்த நாட்டில் நூற்றுக்கு ஏழு பேர்தான் இந்தியர், அவர்களிலும் எல்லோரும் தமிழரல்லர். தேக்காவில் கேசட் கடைக்கு மேல் கேசட் கடை இருந்தும் அதில் நம்ம ஊர்த் தமிழ்க் குரலில் ஒரு கிதார்ப் பாட்டு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் குறையை நாங்களே தீர்க்கலாம் என்று 1993இல் கிளம்பினோம். தேசிய சேவையில் இருந்த நாலு பேர். மெட்டல் ரசிகனுக்குத் தேசிய சேவை ஒரு கொடூரம். ஐந்து வருடம் ஆசைப்பட்ட முடியைப் பதினெட்டு வயதில் மொட்டையடித்துவிடுவார்கள். மொட்டைத் தலையோடு வார இறுதிகளில் மணிக்கு இத்தனை வெள்ளி என்று ஒரு பயிற்சி அறையை வாடகைக்கு எடுப்போம். நான் பேஸ் கிதார். பாட்டெழுதும் பொறுப்பும் என்னிடம்தான் வந்தது, தமிழில் 'ஏ1' வாங்கியவன் என்பதால்.

நான் எழுதிய முதல் பாட்டின் தலைப்பு 'எழுமின் தோழா'. சிரிக்காதீர்கள். 'விலங்குகள்', 'எரிமலை', 'புயல்' எல்லாம் அதில் இருந்தன. பாடகன் முதல் இரண்டு அடியைக் கத்தியதும் டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். "டேய், பேச்சுப் போட்டிக்கு வந்த மாதிரி இருக்குடா" என்றான். உண்மைதான். 'மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே' என்று மட்டும்தான் சேர்க்கவில்லை. பாடகன் அதைப் பள்ளிக்கூடத்து மேடைக் குரலில் இழுத்துப் பாடிக் காட்டினான்; அப்படிப் பாடும்போதுதான் பாட்டு சரியாகப் பொருந்தியது. அதுதான் ரொம்ப வலித்தது. அந்தப் பயிற்சியை வாக்மேனில் பதிந்தோம். ஆறு மாதத்தில் குழு கலைந்தது. கேசட் என்னிடம் தங்கிவிட்டது.

அதே காலத்தில் இதே ஊரில் எங்களைவிட ஓரிரு வயது கூடக்குறைய இருந்த இந்தியப் பையன்கள் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். ருத்ரா 1992இல் தொடங்கியது. நடுவில் கலைந்து, மறுபடி கூடி, 1998இல் குழுவின் பெயரிலேயே முதல் ஆல்பத்தை வெளியிட்டது. கதிர் பேஸ் வாசித்துக்கொண்டே பாடினார், சிவா டிரம்ஸ். டெத் மெட்டலின் அடித்தொண்டை உறுமல், அதற்குள் சமஸ்கிருத மந்திரம். இந்தக் கலவைக்கு 'வேதிக் மெட்டல்' என்று பெயர் வந்தது. ஸ்கேண்டிநேவியாவில் தோர், ஓடின் என்று பழைய தெய்வங்களைப் பாடும் குழுக்கள் கிளம்பியிருந்த காலம். அவர்களுக்குத் தோர் என்றால் எங்களுக்கு ருத்ரன் என்ற கணக்கு எளிதாகத்தான் தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தோரைக் கும்பிடும் கோவில் ஆஸ்லோவில் இல்லை. ருத்ரனுக்குச் சிராங்கூன் சாலையில் தினசரி பூசை நடக்கிறது. உயிரோடிருக்கும் ஒரு மரபை எடுத்து டிஸ்டார்ஷனில் போடுவது வேறு வகைத் துணிச்சல்.

முதல் ஆல்பத்தை நான் கொண்டாடினேன். ஒலிப்பதிவு தட்டையாக, தகரப்பெட்டிக்குள் வாசித்த மாதிரி இருக்கும். இருந்தாலும் நம்ம பையன்கள்! பெருமை தாங்கவில்லை. அப்புறம் 2001இல் 'தி ஆரியன் குருசேட்' வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா இது, நம்ம வீட்ல ஆரியன்?"

பாடுகிறவர்கள் இந்த ஊர்ப் பையன்கள் என்றேன். "இந்த ஊர்ப் பசங்களா?" என்றார். அதற்குமேல் பேசவில்லை. அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சமஸ்கிருதத்தில் 'ஆர்ய' என்றால் மேன்மை, அந்தப் பொருளில்தான் குழு வைத்திருக்கிறது, இனப்பெயராக இல்லை என்றெல்லாம் நான் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. ஏனென்றால் எனக்கே உள்ளுக்குள் குத்தியது. 1930களில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் நடத்தி, 1935இல் தமிழ் முரசைத் தொடங்கி, இங்கே தமிழ் அரசு மொழிகளில் ஒன்றாக நிலைப்பதற்கும் பல்கலைக்கழகத்தில் தமிழ் வருவதற்கும் வீடு வீடாக ஆதரவு திரட்டிய ஒரு தலைமுறை. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் ஒருவழியாகச் சொந்தமாக ஓர் இசையை உண்டாக்குகிறார்கள். அதில் ஆங்கிலம் இருக்கிறது, சமஸ்கிருதம் இருக்கிறது. நான் கேட்டவரை தமிழ் இல்லை. ஆல்பத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அதோடு பத்துப் பன்னிரண்டு வருடம் ருத்ராவைக் கேட்கவில்லை. அவர்கள் புதிது போடுவது காதில் விழும், பிடிவாதமாக இருந்தேன்.

என் பிடிவாதம் தளர ஆரம்பித்தது பக்கத்து நாட்டால். 2006இல் மலேசியாவில் இருந்து யோகி பி – நட்சத்திராவின் 'வல்லவன்' வந்தது. அது ராக் அல்ல, ஹிப்ஹாப். நான் மெட்டல்காரன், எனக்கு ஹிப்ஹாப் ஆகாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஆனால் அதில் தமிழ் நடந்த விதம் என்னை உட்கார வைத்தது. எஸ்டேட் தமிழ், கோலாலம்பூர்த் தமிழ், மலாய், ஆங்கிலம், நடுநடுவே செந்தமிழ் என்று எல்லாம் ஒரே மூச்சில். அந்தத் தமிழ் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, தமிழிலேயே சண்டை போட்டு வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே தமிழ் ஒரு பாடம். அதில் மதிப்பெண் வாங்கலாம், இழக்கலாம். என் காலத்து வகுப்பறையில் 'வந்துச்சு' என்று சொன்னால் ஆசிரியர் 'வந்தது' என்று திருத்துவார். வீட்டுத் தமிழ் என்பது பள்ளிக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டிய செருப்பு. 2005இல்தான் கல்வி அமைச்சின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பில் பேச்சுத் தமிழுக்கும் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாங்கள் 'எழுமின் தோழா' பாடிப் பன்னிரண்டு வருடம் கழித்து!

பங்க் எந்த ஊரில் பிறந்தாலும் அந்த ஊர்த் தெருப் பேச்சில்தான் பிறந்திருக்கிறது. ஜோ ஸ்ட்ரம்மர் பிபிசி ஆங்கிலத்தில் கத்தியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? எங்களிடம் இருந்த இரண்டு தமிழில் ஒன்று மேடைக்குச் சொந்தம், இன்னொன்று வெட்கத்துக்குச் சொந்தம். முதலாவதில் கத்தினால் சொற்பொழிவு. இரண்டாவதில் பாட்டெழுதலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. ஆங்கிலத்தில் கத்தினால் அது ராக். சமஸ்கிருதத்தில் கத்தினால் அது மந்திரம். மந்திரத்தை எப்படிச் சொன்னாலும் யாரும் 'வந்துச்சு'வைத் திருத்த வரமாட்டார்கள். ருத்ரா தமிழைக் கைவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வாசிக்க வந்த நேரத்தில் கையில் எடுக்கக்கூடிய மாதிரியாகத் தமிழ் அங்கே இருந்ததா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. இது என் ஊகம்தான். கதிர் வேதாந்தம் பயின்று கற்பிக்கிறவர். அவருக்கு உபநிடதம் மொழிப் பிரச்சினைக்கு மாற்று வழியாக இல்லாமல், நேரடியாகவே உயிராக இருந்திருக்கலாம். இருக்கட்டும். நான் சொல்வது கேட்கிறவனின் கணக்கு.

சுங்கை ரோட்டில் கிடைத்த சிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி கேட்டேன். அதன் பிறகு விட்டுப்போன எல்லாவற்றையும் வரிசையாக வாங்கிக் கேட்டேன். 'ஆரியன் குருசேட்' இப்போதும் என் பட்டியலில் கடைசிதான். தலைப்பை மன்னித்துவிட்டேன், ஆனால் பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 2003இல் வந்த 'குருக்ஷேத்ரா' புதிதாக வருபவர்களுக்கு நான் கொடுக்கும் ஆல்பம். கீதையின் களம். போருக்கு நடுவில் நின்று தத்துவம் பேசுவதற்கு டெத் மெட்டலைவிடப் பொருத்தமான இசை வேறு இல்லை என்று கேட்டால் புரியும். தேர்ச்சக்கரத்துக்கு டபுள் பேஸ் டிரம் எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது.

அடுத்தது 'பிரம்மவித்யா' மூன்று தொகுதிகள்: 2005இல் 'பிரைமார்டியல் ஐ', 2009இல் 'டிரான்சென்டென்டல் ஐ', 2011இல் 'இம்மார்டல் ஐ'. மூன்றிலும் கடைசியில் நிற்கும் அந்த 'ஐ', நான் என்பது. ராக் பாட்டில் 'நான்' என்றால் பொதுவாக 'நான் காதலிக்கிறேன்', 'நான் கோபமாக இருக்கிறேன்' என்று போகும். இவர்கள் அந்த நானையே பிடித்து, நீ யார் என்று மூன்று ஆல்பம் விசாரிக்கிறார்கள். நடுத் தொகுதிதான் எனக்கு உச்சம். கிதார்கள் இரண்டும் கர்நாடக இசையின் வளைவுகளை எடுத்துக்கொண்டு ஓடுகின்றன. அலங்காரமாக மேலே தூவப்பட்டதாகத் தெரியவில்லை. முதல் ஆல்பத்தில் மந்திரம் வந்ததும் 'ஆ, மந்திரம் வருகிறது' என்று தெரியும். இதில் எங்கே உறுமல் முடிந்து எங்கே ஓதல் தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. 'இம்மார்டல் ஐ' கொஞ்சம் நீளம்; கேட்டுக்கொண்டிருக்கும்போதே சட்டை இஸ்திரி போட்டு முடித்துவிட்டேன். 2013இன் 'ருத' நிதானமாக வளரும் ஆல்பம், இரவில் கேட்க வேண்டும். 2016இன் 'எனிமி ஆஃப் டுவாலிட்டி'யைப் பற்றி என் அபிப்பிராயம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. துவைதத்துக்கு எதிரி என்று பெயர் வைத்துவிட்டு இரண்டு கிதாரை இடமும் வலமும் மோத விட்டிருப்பதில் எனக்கு ஒரு சிரிப்பு.

தேசியக் கல்விக் கழகத்தில் இசை கற்பித்த யூஜீன் தைரியநாதன் வேதிக் மெட்டலையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தையும் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். நாம் தமிழில் இந்தக் குழுவைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்று தேடிப் பார்த்தேன். அதிகம் அகப்படவில்லை. தமிழில் பாடவில்லை என்று அவர்களைக் குறை சொன்ன நானும்கூட இதுவரை தமிழில் ஒரு வரி எழுதியதில்லை.

பங்க் தமிழில் வரவே இல்லையா என்றால், வந்தது. நாங்கள் எதிர்பார்த்த திசையில் இருந்து வரவில்லை, அவ்வளவுதான். எம்.ஐ.ஏ. 2005இல் தன் அப்பாவின் இயக்கப் பெயரையே தலைப்பாக்கி 'அருளர்' போட்டார். 2007இல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்கு தி கிளாஷின் இசைத் துண்டை எடுத்துக்கொண்டார். லண்டன் அகதிக் குடியிருப்பில் வளர்ந்த ஈழப் பெண் ஜோ ஸ்ட்ரம்மரின் கிதாரைக் கடன் வாங்கியதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. அதிலும் மொழி ஆங்கிலம்தான். பிறகு 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. பா. இரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த கூட்டம். அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர் என்பதில் இருந்து பெயர். கானா, பறை, ராப், ராக் கிதார். இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் வடசென்னை எப்படிப் பேசுமோ அப்படியே பாடினார்கள். வீடியோவை மூன்று முறை பார்த்தேன். கானா எப்போதும் அங்கே இருந்திருக்கிறது, சாவு வீட்டு வாசலில், கட்டை வண்டியில். அது வெட்கப்பட்ட தமிழ் இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு மின்கிதாரை வைத்தால் போதுமாயிருந்தது. எங்களுக்கு அப்படி ஒரு அடித்தளம் எது என்று யோசிக்கிறேன். கோப்பிக்கடைத் தமிழா? 'கோப்பி ஓ கொசோங் ஒண்ணு, டேய் சீக்கிரம்டா' என்ற தமிழா?

பங்க்கின் மனநிலை நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பட்டம் பதவியை மதிக்காதே, சாமியாரைக் கேள்வி கேள், சொந்த அச்சகத்தில் சொந்த ஏடு போடு. சாரங்கபாணி வட்டாரம் இதைத்தானே செய்தது? அப்பாவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "அவரு கோட்டுப் போட்டவருடா, உன் ஆளுங்க மாதிரி கிழிஞ்ச பேன்ட் போட்டவரு இல்ல" என்றார். பெருமையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அப்பா போன பிறகு அவருடைய பெட்டியைக் காலி செய்தபோது தமிழ் முரசு நறுக்குகளுக்கு அடியில் என்னுடைய 1993 கேசட் கிடைத்தது. எப்போது எடுத்து வைத்தார், கேட்டாரா, ஒன்றும் தெரியாது.

வீட்டில் கேசட் ஓட்டும் கருவி இல்லை. ஜாலான் புசாரில் பழைய மின்பொருள் விற்கும் ஒருவரிடம் ஒன்று வாங்கிவந்து போட்டேன். ஒலி நடுங்கியது. 'எழுமின் தோழா' நான் நினைத்திருந்ததைவிட மோசம். கிதார் சுருதி சேரவில்லை, என் பேஸ் அரைத் தாளம் பின்னால். பாடகன் 'எரிமலை' என்ற சொல்லில் ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்குகிறான். வேகமாக ஓட்டிவிடலாம் என்று பொத்தானைத் தேடும்போது பாட்டு நின்றது. குச்சி கீழே விழும் சத்தம், சிரிப்பு. பிறகு பாடகன் உண்மையான கோபத்தில், தொண்டை கிழிய, "டேய், இன்னும் பத்து நிமிஷந்தான்டா இருக்கு, காசு குடுத்திருக்கோம், ஒழுங்கா அடிங்கடா!" என்று கத்துகிறான். உடனே டிரம்ஸ் விழுகிறது, அந்தச் சொற்களின் தாளத்திலேயே, நாலு அடி, சரியாக. அதற்குப் பிறகு யாரோ வாக்மேனை அணைத்துவிட்டார்கள்.

பாடகனுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, உட்லண்ட்ஸில் இருக்கிறான். போன் செய்து அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"யாருடா அது கத்துறது?" என்றான்.

"நீதான்டா."

"இத ஏன்டா நாம பாட்டா போடல?"

பக்கத்தில் யாரோ அவனைச் சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது. இன்னொரு தடவை போடு என்றான். போட்டேன்.